நாலு பைப், நாலு பூச்சு, ஒரு பென்சில்

1. கப்பலுக்குப் பூசினவர்கள்

நான் வேலையில் சேர்ந்த நான்காவது மாதம் மனேஜர் என்னை இரத்மலானை விமான நிலையத்துக்கு அனுப்பினார். என் திறமையைப் பார்த்து அனுப்பினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சீனியர் கெமிஸ்டுக்குக் கொப்புளிப்பான் போட்டிருந்தது. லேபில் மிச்சம் இருந்த ஆள் நான் மட்டும்தான்.

எங்கள் பெயிண்ட் கம்பெனி கொட்டாஞ்சேனையில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் நாள் முழுக்க ஜன்னலை அதிர வைக்கும். வீட்டுக் கேட், மீன்பிடி வள்ளம், கப்பல் புகைக்குழாய் என்று எதைக் கேட்டாலும் பெயிண்ட் செய்து கொடுப்போம். அந்த லேபில் வேலைக்கு வந்த முதல் பெண் நான். ஆறு மாதம் தற்காலிக நியமனம், அதன் பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். யாருக்குப் பிடித்திருந்தால் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, எல்லாம் மனேஜர் அந்தோனிப்பிள்ளைதான்.

அவருக்குக் கம்பெனியின் 'ஹீட் சில்வர்' பெயிண்ட் என்றால் உயிர். சூடான எதற்கும் அதைத்தான் பூசச் சொல்வார்.

"மிஸ் பெர்னதெத், எத்தனை பெரிய கப்பல் புகைக்குழாய்க்கே நம்மட சில்வர் நிக்குது. இது சின்ன பிளேன்தானே. ஒரு டின்னைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு ஓடரை எடுத்துட்டு வாங்க," என்றார்.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு காலி வீதி பஸ்ஸில் போனேன். விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் ஹேங்கர் அது. உள்ளே ஒற்றை எஞ்சின் வைத்த இரண்டு சின்ன விமானங்கள் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் இராசநாயகம் என்பவர். வெள்ளவத்தையிலிருந்து தினமும் ரயிலில் வருவார். மெல்லிய ஆள். நாள் முழுக்க எஞ்சினுக்குள் கையை விட்டாலும் அவருடைய வெள்ளை ஷேர்ட்டில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்காது. எனக்கு அப்போதே அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயம்தான்.

மனேஜர் சொல்லித் தந்த கப்பல் கதையை நான் அப்படியே ஒப்புவித்தேன். அவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, கப்பல்ல எஞ்சின் நிண்டா கப்பல் மிதக்கும். இதில நிண்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ," என்றார்.

பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு எக்ஸோஸ்ட் பைப். நாலும் வளைந்து வந்து கீழே ஒன்றாகச் சேரும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது அவை தணல் நிறத்துக்கு வந்துவிடும் என்றார். பக்கத்தில் கடல். ஸ்டெய்ன்லெஸ் என்று பெயர்தான், உப்புக் காற்று அதையும் அங்கங்கே தின்றிருந்தது. இறக்குமதி எல்லாம் பெர்மிட்டில் ஓடிய காலம். புதுப் பைப் ஒன்றுக்கு எழுதிப்போட்டால் அது வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். அதனால்தான் இருக்கிற பைப்பைக் காப்பாற்ற ஒரு பூச்சுத் தேடினார்கள்.

"இதில ஒரு கீறு விழுந்தா அதுக்குள்ளால வாற நெருப்பு நேரே பெற்றோல் ஹோஸில அடிக்கும். ஆகாயத்தில இறங்கி நிண்டு அணைக்கேலாது. இது பறக்கலாம் எண்டு கையெழுத்து வைக்கிறது நான். பிழைச்சா என்ர லைசன்ஸ் போகும். அது பிறகு. முதல்ல ஆள் போகும்."

பராமரிப்புக் கைநூல் ஒன்றை எடுத்து, எக்ஸோஸ்ட் பற்றிய பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகித் தந்தார். வாசித்துவிட்டு வரச் சொன்னார். டின்னையும் என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

2. சிறில் முதலாளியின் போறணை

அந்தப் பக்கத்தில் பூச்சைப் பற்றி ஒரு வரி இருந்தது. துத்தநாகம் கலந்த எதையும் இந்தப் பைப்பில் தொட விடாதே, சூட்டில் அது உலோகத்துக்குள் இறங்கி அதை நொறுங்க வைக்கும் என்று. நல்ல காலம். ஏனென்றால் மனேஜர் மறுநாள் காலையிலேயே, "நம்மட சில்வரில கொஞ்சம் துத்தநாகப் பவுடர் போட்டா துருவும் பிடிக்காது, என்ன?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் பக்கத்தை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். எனக்கு ஒரே பெருமை. பெயிண்ட் என்ற சொல் வந்த வரியோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டேன். அடுத்த வரியையும் வாசித்திருந்தால் இந்தக் குறிப்பு எழுத வேண்டி வந்திருக்காது.

நாலு பூச்சைத் தெரிவு செய்தேன். ஒன்று, எங்கள் ஹீட் சில்வர். மனேஜரின் மனம் நோகக்கூடாதே. இரண்டு, சிலிக்கோன் பிசினில் அலுமினியம் கலந்தது. ஏஜென்ட் ஒருவர் சாம்பிளாகக் கொடுத்த ஒரு சின்ன டப்பா. மூன்று, அடுப்புகளுக்குப் பூசும் கறுப்பு. நாலு, பீங்கான் தொழிற்சாலையில் கேட்டு வாங்கிய கண்ணாடிப் பொடியை நானே அரைத்துக் கலந்து செய்த வெள்ளைப் பூச்சு. இது சூட்டில் உருகிப் பீங்கான் போல ஒட்டிக்கொள்ளும்.

சோதிப்பதற்கு அத்தனை சூடு எங்கள் லேபில் இல்லை. லேப் ஓவனில் முட்டை கூட ஒழுங்காக அவியாது. எனக்குத் தெரிந்து கொட்டாஞ்சேனையில் நல்ல நெருப்பு இருந்த இடம் எங்கள் தெருமுனை பேக்கரி. பாண் சுடும் அதன் போறணையில் றப்பர் விறகு தணலாக எரியும். பேக்கரி சிறில் முதலாளியுடையது. தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்பார்.

"அனே நங்கி, பாணில பெயிண்ட் மணம் வந்தா என்ட கஸ்டமர் எல்லாம் ஓடிருவாங்களே."

"முதலாளி, பாண் இருக்கிற பக்கம் வைக்கமாட்டன். விறகு எரியிற வாய்ப் பக்கம் மட்டும்தான்."

"ஹரி, ஹரி, சரி. ஆனா முதல் போறணை இறக்கின பிறகு வாங்க."

ஒரு கிழமை முழுக்கத் தகட்டுத் துண்டுகளைக் கம்பியில் கட்டித் தணலுக்கு மேல் தொங்கவிட்டேன். சிவக்கச் சிவக்கக் காய்ச்சி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். பாண் வாங்க வந்தவர்கள் நான் எதையோ வாட்டித் தின்னப் போகிறேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். எங்கள் சில்வர் இரண்டாம் நாளே சாம்பலாகக் கொட்டியது. நாலாவது அசையவே இல்லை.

பெயிண்ட் லேபில் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தகட்டைத் தொட்டாலும் முதலில் அதன் ஓரத்தில் பென்சிலால் இலக்கம் போடுவோம். மை பெயிண்டோடு கலங்கும், பென்சில் கலங்காது. போறணைக்குப் போய் வந்த பிறகும் இலக்கம் அப்படியே இருக்கும். அது எனக்குக் கைப்பழக்கம். காதுக்குப் பின்னால் பென்சில் இல்லாமல் என்னை யாரும் பார்த்திருக்க முடியாது.

3. லேப் மார்க்கிங்

போறணையில் நின்றது ஆகாயத்தில் நிற்கும் என்று இராசநாயகம் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே சூட்டோடு அதிர்வும் உண்டு, எஞ்சினிலேயே பூசிப் பார்க்க வேண்டும் என்றார். அப்போதுதான் பெர்மிட்டில் ஒரு செட் பைப் வந்திருந்தது. அதைப் பூட்டி, நாலு பைப்புக்கும் நாலு பூச்சு. இருபத்தைந்து மணி நேரம் பறந்த பிறகு திறந்து பார்ப்பது. சோதனை முயற்சி என்று எழுதி அவரே கையெழுத்து வைத்தார்.

அன்று நான் விமானத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று பூசினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பூசினேன். ஒவ்வொரு பூச்சும் முடிகிற இடத்தில், வெறும் உலோகத்தில், காதிலிருந்த பென்சிலை எடுத்து 1, 2, 3, 4 என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

ஐயா வந்து குனிந்து பார்த்தார்.

"இதென்ன இலக்கம்?"

"அது லேப் மார்க்கிங், ஐயா. எத்தனை சூட்டுக்கும் அழியாது," என்றேன். குரலில் கொஞ்சம் மிடுக்கும் இருந்தது.

பென்சில் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பெயிண்ட் கம்பெனிக்காரர்களிடம் அதற்கென்று ஏதோ விசேஷமான மை இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் தந்த பக்கத்தை நான் முழுவதும் வாசித்திருப்பேன் என்றும் நினைத்துக்கொண்டார். நானோ, அவர் பார்த்துவிட்டார், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். இப்படி இருவரும் நினைத்துக்கொண்டு எஞ்சின் மூடியைப் பூட்டினோம்.

4. மூன்றின் வயிறு

இருபத்தைந்து மணி நேரம் முடிந்து மூடியைத் திறந்த நாளில் மனேஜரும் கூட வந்தார். தனியாக வரவில்லை, ஸ்டூடியோக்காரர் ஒருவரையும் கமெராவோடு கூட்டிக்கொண்டு வந்தார். புது டின்னில் விமானப் படம் போட்டு 'ஏரோ சில்வர்' என்று விற்பது அவருடைய திட்டம். அந்தச் சில்வர் போறணையில் சாம்பலான கதையை நான் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

மூடி திறந்தது. முதலாவது பைப்பில் எங்கள் சில்வர் இருந்த அடையாளமே இல்லை. இரண்டாவது வெளிறிப்போய்ப் பொருக்கு விட்டிருந்தது. மூன்றாவதில் கறுப்பு மாவாகி உதிர்ந்திருந்தது. நாலாவது மட்டும் நேற்றுப் பூசியது போல வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"அப்போ ஏரோ வைட் எண்டு வைப்பம்!" என்று மனேஜர் உடனே கட்சி மாறி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கமெரா மின்னியது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. என் கையால் அரைத்த பூச்சல்லவா?

இராசநாயகம் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையில் டோர்ச், மறு கையில் சின்னக் கண்ணாடி. மூன்றாவது பைப்பிலேயே நின்றார். அங்கே சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு படிவு பரவியிருந்தது. பைப்புக்குள் இருக்க வேண்டிய புகை வெளியே வந்தால்தான் அந்த நிறம் படியும். பழந்துணியால் துடைத்தார். தலைமயிர் அளவில் ஒரு கீறு. நான் போட்ட 3 என்ற இலக்கத்தின் வயிற்றிலே தொடங்கி, அதன் வளைவோடு வந்து, பூச்சு இருந்த இடத்துக்குள் ஓடியிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. டோர்ச்சை அணைத்து, "இந்தப் பிளேன் இனி எழும்பாது," என்று மட்டும் சொல்லிவிட்டு, லைசன்ஸ் கொடுக்கும் அரசாங்கத் திணைக்களத்துக்குத் தானே அறிக்கை எழுதப் போனார்.

லேபுக்கு வந்து கைநூலின் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். துத்தநாக வரிக்கு அடுத்த வரி: எக்ஸோஸ்ட் பைப்பில் பென்சிலால் குறியிடக் கூடாது. அதன் கரி சூட்டில் உலோகத்துக்குள் இறங்கும், குறியிட்ட இடத்திலேயே கீறு விழும். இரண்டு தரம் வாசித்தேன்.

5. ஒருவரும் கேட்காத கேள்வி

அடுத்த கிழமை ஹேங்கரில் விசாரணை. மனேஜரையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பைப் வந்தபோதே அதில் இருந்த கீறு ஒன்றை ஒழுங்காகப் பார்க்காமல் இராசநாயகம் கையெழுத்து வைத்துவிட்டார் என்பது விமானப் பள்ளி முதலாளியின் கட்சி. அது உறுதியானால் லைசன்ஸ் போகும். லைசன்ஸ் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர்.

போவதற்கு முன் மனேஜரிடம் பென்சில் விஷயத்தைச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"பெயிண்டில பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. பென்சிலைப் பற்றி ஒருத்தரும் கேக்கவும் இல்ல. கேக்காத கேள்விக்கு நீங்க ஏன் பதில் சொல்லப் போறீங்க? உங்கட கன்ஃபர்மேஷன் ஃபைல் என்ட மேசையில கிடக்கு, மிஸ். நல்லா யோசிங்க."

நன்றாகத்தான் யோசித்தேன். நான் வீரப்பெண் இல்லை. வேலை போனால் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கூட யோசித்தேன். யோசித்து ஒரு முடிவுக்கும் வராமல்தான் விசாரணையில் மனேஜருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

திணைக்களத்திலிருந்து வந்த அதிகாரி கழற்றிய பைப்பை மேசையில் வைத்து ஐயாவிடம் கேட்டார்.

"மிஸ்டர் இராசநாயகம், இந்தக் கீறு எப்படி வந்தது?"

"என்ர மேற்பார்வையில நடந்தது, சேர்."

"பூட்டும்போது இருந்ததா?"

"இருக்கேல்ல. ஆனா அதுக்கு என்னட்ட ஆதாரம் இல்லை."

அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார். அந்தப் பேனை காகிதத்தில் ஓடிய சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"ஆதாரம் இருக்கு, சேர்," என்று எழுந்துவிட்டேன். "அந்த மூண்டாம் இலக்கம் பென்சில். நான்தான் எழுதினன். கீறு அதிலயிருந்துதான் தொடங்குது. எழுதினது பூட்டின பிறகு. அப்ப கீறும் அதுக்குப் பிறகுதான் வந்திருக்கும். மற்ற மூண்டையும் டெஸ்ட் பண்ணிப் பாருங்கோ."

மனேஜர் தலையில் கை வைத்தார். அதிகாரி மற்றப் பைப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, கீறு கண்டுபிடிக்கும் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்தார். 1, 2, 4 என்ற என் இலக்கங்கள் மூன்றும் உலோகத்துக்குள்ளேயே இறங்கி இருந்தன. அவற்றில் இன்னும் கீறு விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று அதிகாரி ஐயாவைக் கேட்டார்.

"கீறைக் கண்ட அண்டைக்குத்தான் விளங்கினது."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"எழுதினது இந்தப் பிள்ளைதான். ஆனா என்னத்தால எழுதினீங்கள் எண்டு கேட்டிருக்கவேண்டியது நான். கேக்காமல் மூடியைப் பூட்டினன். அதை இன்னொருத்தரில போடுறது எப்பிடி?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதிகாரி பெரிய மனம் பண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைசன்ஸ் தப்பியது. எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். எனக்கும் தற்காலிக நியமனம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. பஸ்ஸில் மனேஜர் எனக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

6. பூச வேண்டாம்

இவ்வளவு நடந்தும் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் கொடுக்கவில்லை. எந்தப் பூச்சு?

மனேஜரைக் கேட்டால் நாலாவது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. மூன்றாவதில் கீறு கண்ணில் பட்டதற்குக் காரணம் அந்தக் கறுப்பு உதிர்ந்து போனதுதான். அதே கீறு நாலாவதில் விழுந்திருந்தால் என் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் சுகமாக ஓடியிருக்கும். டோர்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தாலும் தெரிந்திருக்காது. நன்றாக நிற்கிற பூச்சுத்தான் நன்றாக மறைக்கும்.

காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இந்தப் பைப்புக்கு எதையும் பூச வேண்டாம். கடைசிப் பறப்பு முடிந்து ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பைப் வாயை மூடி வையுங்கள். வெறும் உலோகத்தைக் கண்ணால் பாருங்கள்.

மனேஜர் அதை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெயிண்ட் கம்பெனி லெட்டர்ஹெட்டில 'பெயிண்ட் பூசாதீங்க' எண்டு நான் கையெழுத்து வைக்கோணும், அப்பிடியா?"

"ஓம் சேர்."

"ஸ்டூடியோக்காரனுக்கு வேற காசு குடுத்திருக்கிறன்," என்று முணுமுணுத்தார். ஆனால் வைத்தார். மனிதரைப் பற்றி எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன், அந்தக் கையெழுத்துக்காக அவருக்கு இன்றும் மரியாதை உண்டு.

கடிதத்தை நானே கொண்டுபோனேன். இராசநாயகம் ஐயா நின்றபடி வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது சரி," என்றார். பெற்றுக்கொண்டதாக ஒப்பம் போட உள்ளே பேனை எடுக்கப் போனார்.

மேசையில் விமானத்தின் லொக் புக் திறந்து கிடந்தது. ஒவ்வொரு பறப்பிலும் யார் யார் ஏறினார்கள் என்று எழுதும் புத்தகம் அது. சும்மா கண்ணை ஓட்டினேன். என் பூச்சுகளோடு பறந்த அந்த இருபத்தைந்து மணி நேரமும் அந்தப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் முதல் பெயர் பயிற்சியாளருடையது. இரண்டாவது பெயர் மாணவருடையதாக இருக்க வேண்டும். மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இராசநாயகம், இராசநாயகம் என்றே இருந்தது.

அவர் பேனையோடு வந்தார். நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"ஐயா, எல்லாத்துக்கும் நீங்களா போனீங்க?"

"முயற்சி எண்டு கையெழுத்து வச்சது நான். பிறகு படிக்க வந்த பிள்ளையளையே ஏத்துறது?" என்று சொல்லிக்கொண்டே ஒப்பம் போட்டுத் தந்தார்.

அதன் பிறகு முப்பத்தொரு வருடம் அந்த லேபில் இருந்தேன். சூடு தாங்கும் பூச்சு வேண்டும் என்று யார் வந்தாலும் நான் ஓடர் ஃபோமில் முதலில் நிரப்பிய இடம் ஒன்றுதான். இது சூடாகும்போது பக்கத்தில் நிற்கப் போகிறவர் யார்? கம்பெனிப் பெயர் தந்தால் எடுக்க மாட்டேன், ஆளின் பெயர் வேண்டும். தெரியாது என்றால், போன் எடுத்துக் கேட்டு எழுதும் வரைக்கும் டின்னைத் திறக்க மாட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார்கள். போனால் போகட்டும். இனி இந்த லேபுக்கு வருகிற நீங்களும் கேளுங்கள்.